கேட்டு வாங்கினால் இனாமா?

நான் பத்தாவது வரை படித்த ஒரு சாதாரண குடும்பத் தலைவி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு சின்னச் சண்டைதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கேஸ் சிலிண்டர் வந்தது. நாங்கள் குடியிருப்பது முதல் மாடி. சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து இறக்கி வைத்தவர், பில் தொகைக்கு மேலே ஐம்பது ரூபாய் கேட்டார்.

"எதுக்குங்க அம்பது? பில்லுல இருக்கறதுதானே கொடுக்கணும்?" என்றேன்.

"எல்லா வீட்லயும் கொடுக்கறாங்கம்மா. மாடிக்குத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன் இல்ல?" என்றார்.

"போன தடவை முப்பதுதானே கொடுத்தேன்?" என்றேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. கடைசியில் நாற்பது ரூபாயை நீட்டிவிட்டு, கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள். "ஏம்மா, போன ஞாயித்துக்கிழமை ஓட்டல்ல சர்வர் கேக்காமலே அப்பா இருபது ரூபா வச்சாரே, அப்ப நீ ஒண்ணும் சொல்லலையே? அவரு இட்லி கொண்டுவந்து வச்சாரு. இவரு சிலிண்டர் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தாரு. இவருகிட்ட மட்டும் ஏன் சண்டை?"

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, படி" என்று அப்போதைக்கு வாயை அடைத்துவிட்டேன். ஆனால் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்து நின்றது. யாருக்கு இனாம் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுப்பதில்லை, எதற்காகக் கொடுக்கிறோம்? இத்தனை வருஷமாக நான் இதை யோசித்ததே இல்லை. நீங்கள் யோசித்ததுண்டா?

முதலில் ஓட்டலையே எடுத்துக்கொள்வோம். சாப்பிட்டு முடித்ததும் சோம்பும் கல்கண்டும் வைத்து பில் வரும். என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவி இருபது ரூபாய் வைப்பார். பக்கத்து மேசைக்காரர் ஐம்பது வைத்தால் இவரும் முப்பதாக்குவார். இது சர்வர் மேல் உள்ள அன்பா, நாலு பேர் எதிரில் நம் கௌரவமா? உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் கௌரவம்தான். நமக்குச் சிரித்த முகத்தோடு பரிமாறியவருக்குக் கிடைக்கிறது. நாம் சாப்பிட்ட எச்சில் தட்டை எடுத்து, மேசையைத் துடைத்துவிட்டுப் போகும் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. பின்கட்டில் அண்டா கழுவுகிறவரை நாம் பார்ப்பதே இல்லை. கண்ணில் படுகிறவருக்குத்தான் காசு.

பெரிய ஓட்டல்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. சேவைக் கட்டணம் என்று ஐந்து சதவீதம், பத்து சதவீதம் அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். இதை வாடிக்கையாளர் விரும்பினால்தான் கொடுக்கலாம், ஓட்டல்காரர் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரி என்று தீர்ப்புக் கூறிவிட்டது. யாராவது கட்டாயமாக வசூலித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மனசு வந்து கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் அது இனாம் ஆகாது என்பதைக் கோர்ட்டே சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் பிரசவம் நினைவுக்கு வந்தது. என் மகள் பிறந்தது ஒரு அரசாங்க மருத்துவமனையில். டாக்டரும் நர்ஸும் நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டிய பெண், என் அம்மாவிடம் கையை நீட்டியிருக்கிறாள். அம்மா இருநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். "ஆம்பளப் புள்ளைன்னா ஐநூறுக்குக் குறைஞ்சு வாங்க மாட்டேன். பொண்ணுதானே, போனாப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

சகோதரிகளே, அந்த இருநூறு ரூபாய் போனதில் எனக்கு வருத்தமில்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற என் பெண், கண் திறந்து உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு விலை போட்டு, அதிலும் தள்ளுபடி கொடுத்துவிட்டார்கள்! இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று அரசாங்கம் ஒரு கையால் கொடுக்கிறது. வார்டுக்குள்ளே இன்னொரு கை அதைப் பிடுங்குகிறது. இதற்கு "சந்தோஷமா ஏதாவது கொடுங்க" என்று ஒரு பெயர் வேறு. கொடுக்காவிட்டால் அடுத்த முறை படுக்கையை நகர்த்த ஆள் வராது என்ற பயத்தில் கொடுப்பது எப்படிச் சந்தோஷம் ஆகும்? அது லஞ்சம்தான். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போக வேண்டிய விஷயம். அன்றைக்கு அந்தத் தைரியம் எங்களுக்கு இல்லை.

அதே குழந்தைக்குக் கோயிலில் முதல் மொட்டை போட்டபோது வேறு மாதிரி. சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், மழித்து முடித்தவர், "பார்த்துக் கொடுங்கம்மா" என்றார். சீட்டுப் பணம்தான் கொடுத்தாயிற்றே என்று எனக்குக் கோபம். பிறகுதான் விசாரித்தேன். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, சீட்டுப் பணத்தில் வரும் பங்குதான் வருமானம் என்றார்கள். 2021 செப்டம்பரில் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் ஏற்பாடு செய்தார்கள். ஐந்தாயிரத்தில் ஒரு குடும்பம் ஓடுமா என்று கேட்டால், ஓடாது. ஆனாலும் எவரோ ஒரு பக்தர் மனசு வைத்தால்தான் இன்றைக்குச் சோறு என்ற நிலைமை கொஞ்சமாவது மாறியதல்லவா? போன வருஷம் என் தங்கை குழந்தைக்கு மொட்டை போட்டபோது அந்தப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. குழந்தை அழாமல் இருக்க ஏதேதோ கதை சொல்லிக்கொண்டே மழித்தார். தங்கை தானாகவே நூறு ரூபாயை வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்தாள். அவரும் குழந்தையின் தலையைத் தொட்டு வாழ்த்தினார். கொடுத்தவளுக்கும் நிறைவு, வாங்கியவருக்கும் நிறைவு. எனக்குத் தெரிந்து இனாம் என்றால் அதுதான்.

சரி, சிலிண்டர்காரர் இதில் எந்த வகை? கேட்டு வாங்குகிறார், அதனால் வார்டுப் பெண் மாதிரிதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரே 15, 16 கிலோ இருக்கும். ஆக முப்பது கிலோ இரும்பு. ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுவார்? வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணமும் நாம் கட்டும் பில் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. அப்படியானால் அந்தக் காசு இவர் கைக்கு ஒழுங்காகப் போகிறதா என்றுதானே கேட்க வேண்டும்?

அடுத்த வாரம் ஏஜென்சி ஆபீசுக்கே போனேன். புத்தகத்தில் விலாசம் மாற்ற வேண்டியிருந்தது, அந்தச் சாக்கில் கேட்டேன். "டெலிவரி பண்றவங்களுக்கு என்னங்க சம்பளம் கொடுக்கறீங்க?" கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது உங்களுக்கு எதுக்கும்மா? அதிகமா கேட்டா கொடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் பதில். எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி கொடுக்க வேண்டியதில் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அவர் என் வாசலில் வந்து நிரப்பப் பார்க்கிறார். நானும் அவரும் ஐம்பதா நாற்பதா என்று சண்டை போட்டுக்கொள்கிறோம். சண்டைக்குக் காரணமானவர் மின்விசிறிக்குக் கீழே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகன் ஒரு தடவை ஃபோனில் பேசும்போது, "அத்தை, இங்க ஓட்டல்ல சாப்பிட்டா பில்லுக்கு மேல பதினஞ்சு, இருபது சதவீதம் வைக்கணும். இல்லேன்னா கேவலமா பார்ப்பாங்க" என்றான். "அவ்வளவு பணக்கார ஊர்ல சர்வருக்குச் சம்பளம் இல்லையாடா?" என்றேன். அவன் சொன்ன கணக்கைக் கேட்டு மலைத்துப் போனேன். அங்கே மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலைக்காரர்களுக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் ஈடுகட்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அந்த 2.13 டாலர் 1991ஆம் வருஷத்திலிருந்து உயரவே இல்லை. சில மாநிலங்களில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது வேறு. ஜப்பானிலோ இதற்கு நேர்மாறு. அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது. மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே எடுத்துக்கொண்டு வருவார்களாம். நாம் நல்ல மனசோடு கொடுப்பதே நாளடைவில் முதலாளிக்குச் சாக்காகிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவரை எதற்கு? எங்கள் ஊரிலேயே இருக்கிறதே. கல்யாணப் புடவை எடுக்க வெளியூர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ ஏறினால், "நல்ல கடைக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பார்கள். ஆள் கொண்டுவந்து விடுவதற்கு ஆட்டோக்காரருக்கும் வழிகாட்டிக்கும் கமிஷன் கொடுக்கும் கடைகள் உண்டு என்பது காஞ்சிபுரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எல்லாக் கடைகளையும் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க யோசிக்கிறவர்கள், தங்களுக்கே தெரியாமல் புடவை விலையில் அதைப்போல் பல மடங்கு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் புடவையைக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவருக்கு அதில் ஒரு பைசா கூடப் போவதில்லை.

என் அப்பா நெசவாளி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக வரும் கோர்வைப் புடவை நெய்வார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மறுபக்கம் நாடா தள்ள அம்மா உட்காருவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், புடவை நெய்வதைப் பார்க்க வேண்டும் என்று கார் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. போட்டோ எடுத்தார்கள், ஆச்சரியப்பட்டார்கள். போகும்போது நூறு ரூபாய் நோட்டு ஒன்றை, நெய்திருந்த பட்டின் மேலேயே போட்டுவிட்டு நடந்தார்கள். அப்பா அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். "ஐயா, காசை மறந்து வச்சிட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நூறு ரூபாய் எங்களுக்குப் பெரிய காசு. அம்மாவுக்கு ஒரே ஆத்திரம்.

இது நடந்து கொஞ்ச நாளில், பேத்தி கல்யாணத்துக்குப் புடவை சொல்லியிருந்த ஒரு பாட்டியம்மா வந்தார். தறியிலிருந்து புடவையை அறுத்ததும், தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி, நூற்றியொரு ரூபாய் வைத்து, அப்பா அம்மா இருவரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அன்னிக்கு வேணாம்னீங்க, இன்னிக்கு வாங்கிட்டீங்களேப்பா?" என்று நான் கேட்டேன். "இவங்க என் கையில கொடுத்தாங்க. அவங்க தறி மேல போட்டாங்க" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. கூலி உயர்வுக்காகச் சங்கத்தில் போய் உட்கார்ந்து பேசியதும் அதே அப்பாதான். கூலியை உரிமையாகக் கேட்டார், மரியாதையைக் கையில் வாங்கினார். இரண்டையும் அவர் கலக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் வருஷம் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வரும் காட்சி. ஊர் தாங்காத கூட்டம், தெரு முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் குப்பையும். வெளியூர்களிலிருந்தெல்லாம் துப்புரவுப் பணியாளர்கள் வந்திருந்தார்கள். எங்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பாவமே என்று ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "காசு வேணாங்கா. கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரட்டுமா? காலையிலேருந்து போவல."

நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். அதை மறைக்க மாட்டேன். ஐம்பது ரூபாயை எடுக்கத் தயங்காத எனக்கு, வீட்டுக்குள் விட மனசு தயங்கியது. மாமியார் என்ன சொல்வாரோ என்று சாக்குத் தேடியது. அந்த ஒரு நிமிஷத் தயக்கத்தை அவளும் பார்த்துவிட்டாள். "பரவால்லங்கா" என்று திரும்பினாள். பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனாள். காசு கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே, சில சமயம் கிட்டே வராதே என்பதற்குத்தான் காசைக் கொடுக்கிறோமோ என்று அன்றைக்குத் தோன்றியது. தீபாவளிக்குக் குப்பை வண்டிக்காரர் வந்தால் முந்தின நாள் குழம்பையும் கிழிந்த புடவையையும் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறவர்களும் நம்மில் இருக்கிறோமே!

வீட்டுச் செலவுக்கு எண்ணித்தான் என் கைக்குக் காசு வருகிறது. பல சகோதரிகளுக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்க முடியாது. இப்போது கடைக்குக் கடை ஃபோனைக் காட்டிப் பணம் கட்டுவதால் கையில் சில்லறையும் தங்குவதில்லை. ஆகவே என் வரைக்கும் சில முடிவுகள் செய்துகொண்டேன். மாதச் சாமான் வாங்கும்போதே பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் மாற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்துவிடுகிறேன். கொடுப்பது பத்தோ இருபதோ, மேசையில் போடாமல் முகம் பார்த்துக் கையில் கொடுக்கிறேன். ஓட்டலில் மேசை துடைக்கும் அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தார், இப்போது அவரே கூப்பிட்டுக் கொடுக்கிறார். தீபாவளி இனாமோடு நாங்கள் தின்னும் பலகாரமே போகிறது, பழையது போவதில்லை. பயம் காட்டிக் கேட்கிற இடத்தில் மட்டும் இனி கொடுப்பதாக இல்லை. என் தங்கைக்கு அடுத்த பிரசவம் வந்தால் வார்டு வாசலில் நான்தான் நிற்பேன்.

போன வாரம் மறுபடி சிலிண்டர் வந்தது. அவர் மாடி ஏறி வரும்போதே ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றேன். அவர் கேட்பதற்கு முன்னால் முப்பது ரூபாயைக் கையில் கொடுத்து, "அண்ணே, அன்னிக்குக் கொஞ்சம் கோவமா பேசிட்டேன். இது மாடி ஏறி வந்ததுக்கு நானா கொடுக்கறது. கட்டாயம்னு யார் வீட்லயும் கேக்காதீங்க. உங்க சம்பளத்தை ஆபீஸ்ல கேளுங்க. நானும் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "நீங்க போயி கேட்டதா ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்கம்மா" என்றார். சம்பளம் உயர்ந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நான் ஒருத்தி கேட்டால் கவுன்ட்டர்காரர் ஏற இறங்கத்தான் பார்ப்பார். ஒரு தெருவில் பத்துப் பேர் கேட்டால்? இருபது பேர் கேட்டால்? வாசலில் நிற்பவரோடு பேரம் பேசும் அந்த வாயை, ஒரு தடவை அவருடைய முதலாளியிடம் திறந்து பாருங்களேன். உங்கள் வீட்டில் என்ன வழக்கம், யாருக்குக் கொடுக்கிறீர்கள், எங்கே மறுத்தீர்கள், இதே பகுதிக்கு எழுதுங்கள். என் மகளும் படிக்கக் காத்திருக்கிறாள்.

ஒரு நெசவாளியின் மகள்,
காஞ்சிபுரம்.